போர்ட் கேம்பிள் மர ஆலையும் அதன் கம்பெனி ஊரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ட் கேம்பிள் எங்கே இருக்கிறது? எதற்காகப் பேசப்படுகிறது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிட்சாப் தீபகற்பத்தின் வட நுனியில், ஒரு சிறு வளைகுடாவின் வாயில் இருக்கும் ஊர். 1853 செப்டம்பரில் இங்கே ஓடத் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை 1995 நவம்பர் 30 அன்றுதான் நின்றது. ஒரே இடத்தில் 142 ஆண்டுகள். அந்த நாட்டில் இவ்வளவு காலம் தொடர்ந்து ஓடிய மர ஆலை வேறில்லை என்பார்கள். ‘தொடர்ந்து’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். கட்டடமும் பாய்லரும் ரம்பங்களும் பலமுறை மாறின, ஆலை ஒருமுறை கைமாறித் திரும்பியும் வந்தது. மாறாமல் இருந்தவை கடலோர மணல் திட்டும் அதன்மேல் நடந்த தொழிலும்தான்.

வீடு, கடை, தேவாலயம், தெரு எல்லாமே ஆலை முதலாளிகளுக்குச் சொந்தம். அதனால்தான் இதைக் கம்பெனி ஊர் என்கிறோம்.

யார் தொடங்கினார்கள்?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மெய்ன் மாநிலத்தின் கிழக்கு மக்கியாஸ் ஊர்க்காரர்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் போப், ஃபிரெடெரிக் டால்பட் இருவரும் 1849 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார்கள். தங்க வேட்டைக் காலம் அது. இவர்கள் தங்கம் தோண்டப் போகவில்லை, தோண்டப் போனவர்களுக்குப் பலகை விற்றார்கள். அந்த நகரம் 1849 முதல் 1851 வரை மீண்டும் மீண்டும் தீப்பற்றி எரிந்தது. எரிந்த ஒவ்வொரு முறையும் பலகை விலை ஏறியது. அடுத்த கப்பல் வருவதற்குள் சந்தை நிரம்பி, ஏறிய விலை அதலபாதாளத்தில் விழுந்தது. கிழக்குக் கரையிலிருந்து தென் அமெரிக்காவைச் சுற்றி மரம் கொண்டுவர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும் என்றால் விலையைப் பிடிக்கவே முடியாது. மேற்குக் கரையிலேயே ஆலை வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் சரக்கு வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான்.

1853 கோடையில் ஃபிரெடெரிக்கின் சகோதரர் கேப்டன் வில்லியம் டால்பட் ‘ஜூலியஸ் பிரிங்கிள்’ என்ற பாய்மரக் கப்பலில் வந்து இடம் பார்த்தார். கேப்டன் ஜோசையா கெல்லர் பாய்லர், எஞ்சின், ரம்பம் எல்லாவற்றையும் ‘எல். பி. ஃபாஸ்டர்’ கப்பலில் ஏற்றிக்கொண்டு செப்டம்பரில் வந்து சேர்ந்தார். கம்பெனிக்குப் ‘பியூஜெட் மில் கம்பெனி’ என்று பெயர். பியூஜெட் சவுண்ட் என்ற அந்த உள்கடல் பகுதியின் முதல் நீராவி ஆலை இதுவல்ல. அதே ஆண்டு சியாட்டிலில் ஹென்றி யெஸ்லர் முந்திக்கொண்டார்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம்?

மூன்று காரணங்கள். டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம் தண்ணீர் விளிம்புவரை அடர்ந்து நின்றது, வெட்டினால் உருண்டே கடலில் விழும். வளைகுடாவுக்குள் அலை இல்லை, வெட்டிய மரத் தடிகளை மிதக்கவிட்டுக் கட்டி வைக்கலாம். வாயிலோ ஆழம், கப்பல் ஆலைக்குப் பக்கத்திலேயே வந்து அணையலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நட்டம். அந்தக் கரையில் அற்ப ஆயுளில் மூடிய ஆலைகள் பலவற்றில் மரம் இருக்கும், கப்பல் நிற்க ஆழம் இருக்காது.

அங்கே முன்பு யாரும் இல்லையா?

இருந்தார்கள். ஸ்க்லாலம் பழங்குடியினரின் ஊர் அது, டீகலெட் என்று பெயர். ஆலைக்கு அந்த மணல் திட்டு வேண்டும் என்பதால் அவர்கள் வளைகுடாவின் எதிர்க்கரையான பாயின்ட் ஜூலியாவுக்குப் பெயர்ந்தார்கள். வீடு கட்ட ஆலை மரம் கொடுத்தது, ஆலையில் வேலையும் கிடைத்தது. எதிர்க்கரையிலிருந்து தோணியில் வந்து வேலை பார்த்துத் திரும்பினார்கள். அந்தக் குடியிருப்புக்கு லிட்டில் பாஸ்டன் என்று பெயர் வந்தது. 1855 ஜனவரியில் அமெரிக்க அரசுடன் கையெழுத்தான பாயின்ட் நோ பாயின்ட் ஒப்பந்தப்படி அவர்கள் தெற்கே ஸ்கோகோமிஷ் ஒதுக்கிடத்துக்கு, அதாவது பழங்குடியினருக்கென அரசு ஒதுக்கிய நிலத்துக்கு, போயிருக்க வேண்டும். பெரும்பாலோர் போகவில்லை. எதிர்க்கரை நிலம் அவர்களுடைய ஒதுக்கிடமாக முறைப்படி அறிவிக்கப்பட்டது 1938இல்தான். ஆலை வந்து 85 ஆண்டுக்குப் பிறகு.

ஆலை ஊரும் 1868 வரை டீகலெட் என்றே அழைக்கப்பட்டது. நிலத்தோடு பெயரையும் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

ஊர்க் கல்லறையில் கடற்படை மாலுமி ஒருவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாரே, அது என்ன கதை?

1856 நவம்பரில் வடக்கிலிருந்து பெரிய தோணிகளில் வந்த வேறொரு பழங்குடிக் கூட்டம் வளைகுடாவுக்கு அருகே தங்கியது. ஊர்க்காரர்கள் மரக் கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். ‘மாசசூசெட்ஸ்’ என்ற கடற்படைக் கப்பல் வந்து கிளம்பிப் போகச் சொன்னது. அவர்கள் மறுக்க, பீரங்கி வெடித்தது. வந்தவர்களில் 27 பேரும் கடற்படையில் ஒருவரும் இறந்தார்கள். அந்த ஒருவர்தான் குஸ்டாவஸ் எங்கல்பிரெக்ட். பசிபிக் கரையில் சண்டையில் இறந்த முதல் அமெரிக்கக் கடற்படை வீரர் என்று சொல்லப்படுபவர். கதை அத்துடன் முடியவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் வடக்கத்தியர் பழிவாங்க வந்து, விட்பி தீவில் ஐசக் எபி என்பவரைக் கொன்றார்கள். இந்தச் சண்டைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

காட்டிலிருந்து தடி ஆலைக்கு எப்படி வந்தது?

முதல் சில ஆண்டுகள் எளிது. கரையோர மரத்தைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்து, கிளை கழித்து, நெம்பி உருட்டிவிடுவார்கள். கரை மொட்டையானதும் உள்ளே போக வேண்டியிருந்தது.

டக்ளஸ் ஃபிர் மரத்தின் அடி வீங்கியிருக்கும், பிசின் நிறைந்திருக்கும், நார் முறுக்கிக்கொண்டிருக்கும். அங்கே கோடாரி போட்டால் உழைப்பு இரட்டிப்பு, கிடைக்கும் பலகையும் மட்டம். அதனால் அடிமரத்தில் ஒரு பொந்து வெட்டி, நுனியில் இரும்புப் பட்டை அடித்த பலகையை அதில் செருகி, அதன்மேல் ஏறி நின்று ஆளுயரத்துக்கும் மேலே வெட்டினார்கள். இன்றும் அந்தப் பக்கத்துக் காடுகளில் பழைய அடிக்கட்டைகளில் அந்தப் பொந்துகளைப் பார்க்கலாம். இரண்டு கண்கள் முறைப்பது போல் இருக்கும்.

விழுந்த தடியை இழுக்க ‘ஸ்கிட் ரோடு’ போட்டார்கள். சிறு மரங்களைப் பாதைக்குக் குறுக்கே ஏணிப் படி போல அரையளவு புதைத்து, நடுவில் லேசாகக் குழித்து, அதில் எண்ணெய் தடவுவார்கள். நாய்ச்சுறா மீனின் ஈரல் எண்ணெய்தான் மலிவு. எருதுகளைச் சோடி சோடியாகப் பூட்டி, தடிகளைச் சங்கிலியால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இழுத்தார்கள். எண்ணெய் குறைந்தால் உராய்ந்து புகையும், எருதுகள் திணறும். இறக்கத்தில் எண்ணெய் கூடினால் தடி எருதுகள்மேலேயே பாய்ந்துவிடும். மேட்டில் எண்ணெய், இறக்கத்தில் மண் தூவு என்பதுதான் எண்ணெய்ச் சட்டி தூக்கும் பையனுக்கு முதல் பாடம்.

1881இல் கலிஃபோர்னியாவின் யுரேகாவில் ஜான் டோல்பியர் என்பவர் ‘டாங்கி’ என்ற நீராவி இழுவை எந்திரத்தை உருவாக்கினார். அது பரவப் பரவ எருதுகளின் காலம் முடிந்தது.

கடலுக்கு வந்த தடிகளைச் சுற்றி, முனைக்கு முனை சங்கிலியால் பிணைத்த நீண்ட தடிகளால் வேலி கட்டி, இழுவைப் படகால் ஆலைக்குக் கொண்டுவருவார்கள்.

உப்புத் தண்ணீரில் தடியைப் போட்டு வைத்தால் கெடாதா?

அழுகல் குறைவு, ஆனால் கப்பல் புழு துளைத்துவிடும். பெயர்தான் புழு, உண்மையில் அது மெல்லுடலி, சிப்பிக்கு உறவு. குண்டூசித் தலை அளவுத் துளையில் நுழைந்து உள்ளே விரல் பருமன் ஆகும். வெளியே பார்த்தால் தடி பழுதில்லாதது போலத் தெரியும், அறுத்தால் தேனடை போல இருக்கும். கோடையில் சில மாதம் கிடந்தாலே போதும். ஆகவே முதலில் வந்த தடி முதலில் அறுபட வேண்டும். கிடங்கு வைக்கும் எவருக்கும் தெரிந்த ஒழுங்குதான், மிதக்கும் தடிகளில் அதைக் காப்பாற்றுவது கடினம். புதிதாக வந்தது வாயிலேயே நிற்கும், பழையது மூலையில் ஒதுங்கிவிடும்.

ஆலை மேடை, துறைமேடை இவற்றைத் தாங்கிய கால்களுக்கும் இதே தொல்லை. கிரியோசோட் தார் ஏற்றிய கால்கள் நட்டதற்கு அதுதான் காரணம். அந்தத் தார் பிற்காலத்தில் வேறொரு தலைவலி ஆனது, கீழே வருகிறது.

ஆலைக்குள் என்ன நடந்தது? ஒரு தடி பலகையாவது எப்படி?

1. சாய்தளத்தில் ஓடும் சங்கிலி தடியைத் தண்ணீரிலிருந்து மேலே இழுக்கும்.
2. தடி ‘கேரேஜ்’ என்ற தண்டவாள வண்டியில் ஏறும். இரும்புக் கொக்கிகள் அதைக் கவ்வும்.
3. வண்டி ரம்பத்தை நோக்கி ஓடும். முதல் வெட்டில் புறப்பலகை கழியும், அதாவது பட்டையோடு கூடிய அரைவட்டத் துண்டு.
4. தடியைப் புரட்டி மறுபக்கம், பின் மற்ற இரு பக்கங்கள். இப்போது சதுரக் கட்டை கிடைத்திருக்கும்.
5. கட்டை பல அலகு ரம்பத்துக்குப் போகும். ஒரே ஓட்டத்தில் பல பலகைகள்.
6. ஓரம் சீவல், நுனி வெட்டல், தரம் பிரித்தல், துறைமேடை.

ஆலையின் மூளை இரண்டாம், மூன்றாம் படியில் நிற்கும் தலைமை அறுவையாள். எந்தப் பக்கம் முதலில் திறப்பது என்பது அவர் கண் முடிவு. கணுவும் வெடிப்பும் ஒரு பக்கம் ஒதுங்கும்படி திறந்தால் மறுபக்கம் முழுதும் முதல் தரம். தவறாகத் திறந்தால் ஒவ்வொரு பலகையிலும் ஒரு கணு. ஆலைச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, விரல் சைகைதான். எத்தனை அங்குலம் என்று விரலில் காட்டுவார், வண்டியில் நிற்பவர் நெம்புகோலைத் தள்ளுவார்.

எந்த வகை ரம்பங்கள்?

தொடக்கத்தில் மேலும் கீழும் ஆடும் நேர் ரம்பம். மெதுவானது, ஒரு நாள் முழுக்க ஓடினாலும் சில ஆயிரம் பலகை அடிதான் (இந்த மர அளவுக்குக் கீழே விளக்கம் உண்டு). பிறகு வட்ட ரம்பம் வந்தது. வேகம் அதிகம், குறையும் உண்டு. 60 அங்குல வட்ட ரம்பத்தால் 60 அங்குலத் தடியை அறுக்க முடியாது. நடுவே அச்சும் பிடிப்புத் தட்டும் இருப்பதால் ஆழம் அரைவிட்டத்துக்கும் குறைவு, 26, 27 அங்குலம் கிடைத்தால் பெரிது. அந்தக் காட்டில் ஆறடி விட்டத் தடிகள் சாதாரணம். அதற்காக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்ட ரம்பங்களை வைத்தார்கள். கீழுள்ளது பாதியை அறுக்கும், மேலுள்ளது மீதியை. இரண்டும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் பலகையின் நடுவே படிக்கட்டு போல ஒரு வரி விழும்.

கடைசியாகப் பட்டை ரம்பம், இரண்டு சக்கரங்களில் ஓடும் முடிவில்லாத எஃகுப் பட்டை. ரம்பம் தின்னும் மரத்தில்தான் இதன் அருமை தெரியும். வட்ட ரம்பத்தின் வெட்டு கனம் சுமார் 5/16 அங்குலம் என்று வைத்தால், ஓர் அங்குலப் பலகை ஒவ்வொன்றுக்கும் 24 சதவீத மரம் தூளாகிறது. 1/8 அங்குலப் பட்டை ரம்பத்தில் 11 சதவீதம். அதே தடி, அதே கூலி, கூடுதல் பலகை. இருந்தும் பழைய ஆலைகள் உடனே மாறவில்லை. மரம் சும்மா கிடைத்த காலத்தில் தூளைப் பற்றி யாருக்குக் கவலை?

ரம்பத்தில் என்ன கோளாறு வரும்?

முதல் எதிரி சூடு. வட்ட ரம்பத்தின் விளிம்பு சூடேறினால் விரியும், தட்டு தளர்ந்து பாம்பு போல நெளியும், பலகை ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் வரும். பல் மழுங்கினாலோ, தூள் வெளியேறப் பல்லிடைக் குழி போதாவிட்டாலோ சூடு ஏறும். சரிசெய்ய ரம்பத்தைக் கழற்றி, பட்டறைக் கல்லில் வைத்து, நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டி இழுவிசை ஏற்ற வேண்டும். இதற்கென்றே தனி ஆள். நல்ல ரம்பக்காரர் போய்விட்டால் ஆலை தடுமாறும்.

இரண்டாவது எதிரி கல். தரையில் இழுபட்டு வந்த தடியின் பட்டையில் சரளை பதிந்திருக்கும். ஒரு கல் பட்டால் பல் வரிசையே போய்விடும். பல் ஒடிந்தால் முழு ரம்பமும் வீணாகும் நிலையை மாற்றியது, 1860களில் கலிஃபோர்னியாவின் நேதன் ஸ்பால்டிங் மேம்படுத்திய, கழற்றி மாட்டும் பல். பல் அமரும் குழியை அவர் வளைவாக அமைத்தார். மூலை கூராக இருந்த பழைய குழிகளில் அந்த மூலையிலிருந்துதான் தட்டு விரிசல் விட்டது.

பலகை அடி என்றால் என்ன? நம் கன அடியோடு எப்படி ஒப்பிடுவது?

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம்: ஒரு பலகை அடி. 12 பலகை அடி ஒரு கன அடி. கணக்கு: கனம் அங்குலத்தில் × அகலம் அங்குலத்தில் × நீளம் அடியில் ÷ 12. உதாரணமாக 2 × 12 அங்குலம், 16 அடிச் சட்டம் ஒன்று 32 பலகை அடி, நம் மரக்கடைக் கணக்கில் 2.67 கன அடி.

விலை பேசுவது ஆயிரம் பலகை அடிக்கு. அது 83.3 கன அடி, 2.36 கன மீட்டர். பச்சை டக்ளஸ் ஃபிர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை டன். கப்பல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இந்த எடைக் கணக்கு தெரிந்தால் போதும்.

கப்பலில் எப்படி ஏற்றினார்கள்?

40, 60 அடி உத்தரங்களை மேல்தளக் கதவு வழியாக இறக்க முடியாது. மரக் கப்பல்களின் முகப்பில் சதுர வாசல் வெட்டி, அதன் வழியே நேராக உள்ளே தள்ளினார்கள். நிரம்பியதும் வாசலை மூடி, இடுக்குகளில் சணல் திணித்துத் தார் பூசுவார்கள். அடைப்பு சரியில்லை என்றால் முதல் புயலிலேயே தெரிந்துவிடும். மேல்தளத்திலும் சரக்கு அடுக்கிச் சங்கிலி போட்டார்கள்.

சரக்கு சான் ஃபிரான்சிஸ்கோவோடு நிற்கவில்லை. ஹவாய், ஆஸ்திரேலியா, சீனா, தென் அமெரிக்கா எல்லாம் போனது. திரும்பும் கப்பலில் மாவு, அவரை, துணி, ஆணி வரும், கம்பெனிக் கடைக்கு. போகும்போதும் லாபம், வரும்போதும் லாபம்.

கூலி, வேலை நேரம்?

தொடக்க காலத்தில் சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து மாதம் 30 டாலர். வேலை நாளுக்கு 11 மணி நேரத்துக்கும் மேல், வாரம் ஆறு நாள். ஆட்களைப் பெரும்பாலும் மெய்னிலிருந்தே வரவழைத்தார்கள். ஊர்க்காரன் என்றால் பழக்கம் தெரியும், திரும்பிப் போகப் பயணச் செலவு பெரிது என்பதால் சீக்கிரம் ஓடவும் மாட்டான். எட்டு மணி நேர வேலை அந்தப் பகுதி மரத் தொழில் முழுவதற்கும் 1918 மார்ச்சில்தான் வந்தது. 1917 வேலைநிறுத்தமும், போர் விமானத்துக்கு ஸ்ப்ரூஸ் மரம் வேண்டிய ராணுவத்தின் அவசரமும் சேர்ந்து கொண்டுவந்தது அது.

ஊர் ஏன் நியூ இங்கிலாந்து ஊர் போலவே இருக்கிறது?

நியூ இங்கிலாந்து என்பது மெய்ன் உள்ளிட்ட அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள். மெய்ன்காரர்கள் தங்கள் ஊரை நினைத்தே கட்டினார்கள். கூரான கூரை, வெள்ளைப் பூச்சு, மரவேலி. செயின்ட் பால் தேவாலயம் கிழக்கு மக்கியாஸ் தேவாலயத்தின் பிரதி. குடும்பஸ்தருக்கு வீடு, தனி ஆளுக்கு விடுதி, மேலாளருக்கு மேட்டில் மாளிகை. 1888, 89இல் கட்டிய வாக்கர் ஏம்ஸ் மாளிகை ஊர்த் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அதன் முகம் கடல் பக்கம். கப்பலில் வரும் சரக்கு வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஊருக்கு எது வாசல் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கெல்லர் 1862இல் இறந்தபின் பொறுப்பேற்ற சைரஸ் வாக்கர் பல பதிற்றாண்டுகள் ஊரை ஆண்டார் என்றே சொல்லலாம். பின்னாளில் வில்லியம் டால்பட்டின் மகள் எமிலியை மணந்தார்.

காட்டு நிலம் கம்பெனிக்கு எப்படி வந்தது?

இந்தப் பகுதியைச் சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் தாண்டிவிடும். முதல் ஆண்டுகளில் அந்தக் கரை ஆலைகள் அறுத்த மரத்தில் பெரும்பகுதி அரசுப் பொதுநிலத்திலிருந்து வந்தது. பிறகு வாங்கத் தொடங்கினார்கள். 1861 வாக்கில், அப்போது இன்னும் மாநிலமாகாத வாஷிங்டன் பிரதேசத்தின் பல்கலைக்கழகத்தைக் கட்டப் பணம் திரட்ட, அதற்கு ஒதுக்கிய நிலம் ஏக்கர் ஒன்றரை டாலருக்கு விற்கப்பட்டது, ஆலைகள் வாங்கின. 1878இல் ‘மரமும் கல்லும்’ சட்டம் வந்தது. ஒருவருக்கு 160 ஏக்கர், ஏக்கர் இரண்டரை டாலர், சொந்தப் பயனுக்கு மட்டும் என்று சத்தியம் செய்ய வேண்டும். கப்பல் மாலுமிகளையும் கூலியாட்களையும் நில அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் செய்யவைத்து, பத்திரத்தை உடனே ஆலை பெயருக்கு மாற்றிக்கொள்வது ஊரறிந்த வழக்கம். 1890களின் தொடக்கத்தில் பியூஜெட் மில் கம்பெனி ஒன்றே கால் லட்சத்தையும் தாண்டி, இரண்டு லட்சத்தை நெருங்கும் ஏக்கர் வைத்திருந்தது. ஆலை 142 ஆண்டு தாக்குப்பிடித்தது ரம்பத்தால் அல்ல, இந்த நிலத்தால்தான் என்பது எங்கள் முடிவு.

கைமாறித் திரும்பியது எப்போது?

1925இல் சார்லஸ் மெக்கார்மிக் கம்பெனிக்கு விற்றார்கள். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, தவணை கட்ட முடியவில்லை, 1938இல் பழைய முதலாளிகளிடமே திரும்பியது. பின்னர் ‘போப் அண்ட் டால்பட்’ என்ற பெயரில் நடந்தது.

ஏன் மூடினார்கள்?

பெரிய தடி தீர்ந்தது. முதிர்ந்த காடுகளில் வாழும் புள்ளி ஆந்தையைக் காக்கும் விதிகளால் 1990களில் அரசுக் காடுகளின் மர ஏலம் சுருங்கியது, தடி விலை ஏறியது. பெரிய தடிக்கென வளர்ந்த பழைய ஆலையை மெல்லிய தடிக்கு மாற்றப் பெரும் முதலீடு வேண்டும். இன்னொன்று: 1985இலேயே நிலங்களை ‘போப் ரிசோர்சஸ்’ என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். நிலம் போனபின் ஆலை வெறும் ஆலைதான். போப் அண்ட் டால்பட் 2007இல் திவாலானது. போப் ரிசோர்சஸை 2020இல் ரேயோனியர் வாங்கியது.

ஆலை நின்ற இடம் இப்போது எப்படி இருக்கிறது?

வெற்றுத் திட்டு. வளைகுடாவைச் சுத்தம் செய்யும் வேலை 2015 முதல் 2017 வரை நடந்தது. 8,500க்கும் மேற்பட்ட கிரியோசோட் கால்கள் பிடுங்கப்பட்டன. ஹெரிங் மீன் முட்டையிடும் வளைகுடா இது. தார் ஊறிய கால்களில் ஒட்டிய முட்டைகள் பிழைப்பதில்லை. அடியில் படிந்த பட்டையும் தூளும் மட்கும்போது உயிர்வளியைத் தின்று சல்ஃபைடு விடும், அங்கே சிப்பி வாழாது. அந்தச் சிப்பியையும் மீனையும் நம்பியிருப்பவர்கள் எதிர்க்கரை ஸ்க்லாலம் மக்கள்.

போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். சியாட்டிலுக்கு வடக்கே எட்மண்ட்ஸில் ஃபெரி ஏறிக் கிங்ஸ்டனில் இறங்கினால், 104ஆம் நெடுஞ்சாலையில் கால் மணி நேரம். ஊர் 1966 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். கடை, தேவாலயம், வாக்கர் ஏம்ஸ் மாளிகை, மேட்டிலுள்ள பியூனா விஸ்டா கல்லறை எல்லாம் நடந்தே பார்க்கலாம். கல்லறையிலிருந்து கீழே பார்த்தால் திட்டும் வளைகுடா வாயும் எதிரே பாயின்ட் ஜூலியாவும் ஒரே பார்வையில் கிடைக்கும்.